தோளில் இன்னொரு கோடு

அத்தியாயம் 17

நாட்டின் வானத்தைக் காப்பவன் உறங்குவதில்லை. அவன் இமை மூடினால் தேசத்தின் கூரை திறந்துகொள்ளும். ஏர் வைஸ் மார்ஷல் இஷோலா ஃபடேயி இதைப் பயிற்சிப் பள்ளி விழாக்களில் பலமுறை சொல்லியிருக்கிறார். கைதட்டலும் வாங்கியிருக்கிறார்.

அன்று முற்பகல் அவர் தன் வீட்டு உள்ளறையில், நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். முழுச் சீருடை. மடியில் தொப்பி. தொப்பிக்குள் கைப்பேசி.

போன வார அத்தியாயத்தை, அன்று விடியும் முன் அந்தக் கைப்பேசி அலறிய இடத்தில் நிறுத்தியிருந்தோம். தலைநகர் அபூஜாவில் அந்த நேரத்துக்கு அழைப்பது ஜனாதிபதி மாளிகையாகத்தான் இருக்கும் என்று ஃபடேயி கட்டிலைவிட்டு இறங்கி, விறைத்து நின்று, எடுத்துக் காதில் வைத்தார். கோழித்தீவனக் கடைக்காரன். எண் மாறி அடித்துவிட்டான். எழுந்ததுதான் எழுந்தோம் என்று குளித்துச் சீருடை போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு கழற்றவில்லை.

விமானப்படைத் தலைவர் நாற்காலி காலியாகி மூன்று வாரம். இருப்பவர்களில் மூத்தவர் ஃபடேயி. அடுத்தது அவர்தான் என்று படை முழுக்கத் தெரியும். மார்க்கெட்டில் தக்காளி விற்பவளுக்கும் தெரியும். அவர் தோளில் ஒரு தடித்த பட்டையும் ஒரு மெல்லிய கோடும் இருந்தன. இன்னொரு மெல்லிய கோடு ஏறினால் ஏர் மார்ஷல். அந்த ஒரு கோட்டுக்காக முப்பத்து நான்கு வருடம் உழைத்திருக்கிறார்.

ஏறாவிட்டால்?

அதை அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. நம் படைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் கிடையாது. அதனால்தான் யாரும் மீறுவதில்லை. இளையவன் ஒருவன் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தால், அவனுக்கு மூத்தவர்கள் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். மூத்தவர் இளையவருக்குச் சல்யூட் அடிப்பது பார்ப்பதற்கு நன்றாக இருக்காதாம். கண்ணுக்கு உறுத்தாமல் இருக்க, நாடு ஒரே நாளில் பத்துப் பதினைந்து பேரை அனுப்பிவைக்கும்.

ஆகவே ஃபடேயிக்கு இரண்டே வழி. மேலே, அல்லது வெளியே.

அவர் மனைவி மொரோன்கேக்கு ஒரே ஆசை. பதவி ஏற்கும் விழாவில் ஒரு தோளில் ஜனாதிபதி பட்டை போடுவார். இன்னொரு தோளில் மனைவி போட வேண்டும். அந்த இன்னொரு தோள் அவளுக்கு வேண்டும். அதற்காக அவள் பதினான்காம் அத்தியாயத்தில் கணவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். சேனைக்கிழங்கும் பாமாயில் டின்னும் ஏற்றிக்கொண்டு, தன் தகப்பனாரின் நண்பர் பாபா ஷோடிப்போவைப் பார்க்கப் போனாள். மாளிகையில் அவர் வார்த்தைக்கு எடை உண்டு. மண்டிபோட்டுக் கேட்டாள். கிழவர் தலையில் கைவைத்து, "நான் பாத்துக்கிறேன், போ" என்றார். மொரோன்கே வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள்.

இவ்வளவுதான் இதுவரை நடந்தது. இனி அந்த ஒரு நாள்.

*

கூடத்தில் காலையிலிருந்தே கூட்டம். ஒப்பந்தக்காரர் ஒகோரோ வந்திருந்தார். படைக்கு எது தேவையோ அதை விற்பவர், தேவையில்லாததையும் விற்பவர். வானநீல லேஸ் துணியில் ஒரே மாதிரி தைத்துப் போட்டுக்கொண்டு மகளிர் குழு வந்திருந்தது. வெற்றிக்கென்று எடுத்த துணி. தையல்காரர் சீக்கிரம் கொடுத்துவிட்டதால் போட்டுப் பார்த்துவிட்டார்கள். பாஸ்டர் இமோ நடுக்கூடத்தில் நின்று கண்ணை மூடிக் கையைத் தூக்கியிருந்தார்.

"ஆண்டவரே, இந்த வீட்டுத் தலைவருக்கு நீர் ஆயத்தம் பண்ணியிருக்கிற நாற்காலியை ஒரு சத்துருவும் நெருங்காதபடிக்கு…"

மகள் சிமி கதவோரம் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேகோஸில் வேலை, அப்பாவின் விழாவுக்காக விடுப்பு எடுத்து வந்தவள்.

"அம்மா, இங்க வா."

"ஜெபம் நடக்குது, சும்மா இரு."

"அதான் சொல்றேன். நிறுத்தச் சொல்லு."

மொரோன்கே முறைத்தாள். அதற்குள் ஒகோரோவின் சட்டைப்பையில் ஒரு கிணுகிணுப்பு. மகளிர் குழுவின் கைப்பைகளில் நாலைந்து. பாஸ்டரின் இடுப்பில் ஒன்று. பாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து குனிந்து பார்த்தார், மூடிக்கொண்டார்.

"…அந்த நாற்காலியை, நீர் யாருக்குக் கொடுக்கச் சித்தமோ அவருக்கே கொடுக்கிறவராய் இருக்கிறபடியால், ஆமென்."

அவர் இவ்வளவு சுருக்கமாக ஜெபித்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

மொரோன்கே மகளின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிப் படித்தாள். புதிய படைத்தலைவர், ஏர் வைஸ் மார்ஷல் பெங்கா ஒஷினோவோ.

அவளுடைய தம்பி.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

பெங்கா பிறந்த வாரத்திலேயே அம்மா போய்விட்டாள். மொரோன்கேதான் அவனை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீர் எடுத்தாள், பள்ளிக்கூடம் போனாள், பரீட்சை எழுதினாள். கல்யாணமாகி ஃபடேயி வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் பெட்டி, மறுகையில் பெங்கா. புது மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. பையனைப் படைப் பள்ளியில் சேர்த்தார். பிறகு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒருமுறை பெங்கா பயிற்சி விமானத்தை இறக்கிய அழகில் இரண்டு டயரும் வெடித்து, விமானம் புல்வெளியில் போய் நின்றது. இறக்கியது நான்தான் என்று ஃபடேயி சொல்லிவிட்டார். அதனால் அவருக்கு ஒரு பதவி உயர்வு தள்ளிப்போனது. வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. ஒகோரோவுக்குத் திடீரென்று விமான நிலையத்தில் யாரையோ கூப்பிடப் போக வேண்டியிருந்தது. வானநீலப் பெண்கள் சொல்லிக்கொள்ளாமலே இறங்கினார்கள். அவசரத்தில் செருப்பு மாற்றிப் போட்டவர்களும் உண்டு. பாஸ்டருக்கு வேறொரு வீட்டில் நோயாளி. டிரைவர் வந்து காரின் சாவியை மேஜைமேல் வைத்தான்.

"தலைமையகத்துல கூப்பிடுறாங்க, மேடம்."

"உன்னையா? காரையா?"

"ரெண்டையும்தான் மேடம். சாவி சும்மா காட்டறதுக்கு." எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டின் சத்தம் அடங்கியதில்தான் ஃபடேயிக்கு விழிப்பு வந்தது.

*

அவர் கூடத்துக்கு வந்து பார்த்தார். தட்டுகளில் பாதி தின்ற ஜொலோஃப் சோறு. கவிழ்ந்த கண்ணாடிக் குவளைகள். நடுவில் மனைவியும் மகளும்.

அவர் அதிகாரி. காலியான இடத்தைப் பார்த்து நடந்ததைக் கணிக்கப் பயின்றவர்.

"யாரு?" என்றார்.

சிமி அம்மாவைப் பார்த்தாள், அம்மா தரையைப் பார்த்தாள்.

"எனக்கு எத்தனை கோர்ஸ் கீழ?"

"ஆறு" என்றாள் சிமி.

தனக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்த அந்த வகுப்பில் யார் யார் என்று அவர் மனசுக்குள் வரிசைப்படுத்துவது முகத்தில் தெரிந்தது. ஒரு இடத்தில் முகம் நின்றது.

"நம்ம பெங்காவா?"

"நம்ம பெங்காதான், சிமிப்பா" என்றாள் மொரோன்கே.

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவனுக்கு இறக்கறது சரியா வராதே" என்றார் கடைசியில். "பக்கவாட்டுல காத்து அடிச்சா கால் நடுங்கும் அவனுக்கு."

"அப்பா, படைத்தலைவர் விமானம் ஓட்ட வேண்டாம்ப்பா. கையெழுத்துப் போட்டாப் போதும்."

"ஆமா" என்றார். "கையெழுத்து அழகா இருக்கும். நான்தான் கோடு போட்ட தாள்ல எழுத வச்சேன்."

அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை, கத்தவில்லை. ஷூவின் நாடாவை அவிழ்த்தார். என்ன நினைத்தாரோ, மறுபடி கட்டினார். மொரோன்கே அவர் அருகே தரையில் உட்கார்ந்தாள். கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தாள். அவர் கைகளில் தொப்பி இருந்தது.

"நீ ஏன் அழற? உன் தம்பிக்கு ஆகியிருக்கு" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் குத்தியது.

*

அரைமணிகூட ஆகியிருக்காது. சிமி ஜன்னல் திரையை விலக்கினாள்.

"அம்மா. அந்தக் கூட்டம் திரும்பி வருது."

"எந்தக் கூட்டம்?"

"அதே கூட்டம். போய்ச் சுத்திட்டு வந்திருக்கு. அவங்களுக்கு இப்பத்தான் ஞாபகம் வந்திருக்கு, புதுத் தலைவருக்கு ஒரு அக்கா இருக்கான்னு."

முதலில் பாஸ்டர் இமோ. நோயாளி குணமாகிவிட்டாராம். "சிஸ்டர் மொரோன்கே, நான் ஜெபத்துல என்ன சொன்னேன்? அவருக்குச் சித்தமானவருக்குன்னேன். கவனிச்சீங்களா?" வானநீலப் பெண்கள் வாசலிலேயே மண்டிபோட்டு எழுந்தார்கள். "நெறத்த மாத்த வேண்டிய அவசியமே இல்ல பாருங்க, அதே படைதானே" என்றாள் தலைவி. ஒகோரோ விமான நிலையத்திலிருந்து யாரையும் கூட்டி வரவில்லை; கொழுத்த ஆடு ஒன்றைக் கூட்டி வந்திருந்தார்.

அடுப்பு மறுபடி எரிந்தது. கூடம் நிறைந்தது. முன்பு இருந்ததைவிடச் சத்தம் அதிகம்.

ஃபடேயி நாற்காலியைவிட்டு எழவில்லை. வந்தவர்கள் அவரிடமும் கை குலுக்கினார்கள். சாவு வீட்டில் சம்பந்திக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு கை.

"உங்க மைத்துனர். உங்க வீட்டுலயே வளர்ந்தவராமே. எவ்வளவு பெருமை சார்."

"நன்றி."

"ஓகா சார், ஒரு சின்ன உதவி" என்று ஒகோரோ குனிந்தார். "அவரோட சொந்த நம்பர் இருக்குமா? ஆபீஸ் நம்பர் வேணாம். வீட்டு ஆளுங்க பேசற நம்பர்."

சிமிக்கு ரத்தம் கொதித்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, ஓர் எண்கூடத் தப்பாமல் ஒப்பித்தார். ஒகோரோ எழுதிக்கொண்டார்.

"அந்த ஆளுக்குப் போய் ஏம்ப்பா கொடுத்தீங்க?"

"கேட்டான். நான் இன்னிக்கு யாருக்காவது உபயோகமா இருந்தேன்னு இருக்கட்டும்."

*

மதியத்துக்கு மேல் சைரன் கேட்டது. தெருவில் குழந்தைகள் ஓடினார்கள். முன்னால் மோட்டார் சைக்கிள்கள், நடுவில் கொடிக் கார், பின்னால் துப்பாக்கிக்காரர்கள் நிற்கிற வண்டி. மூன்று நாளைக்கு முன் இதே பெங்கா சொந்தக் காரில் தானே ஓட்டிக்கொண்டு வந்து, அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு, டப்பாவில் கட்டிக்கொண்டும் போனான்.

ஃபடேயி எழுந்தார். தொப்பியை வைத்து, விளிம்பை விரலால் சரிபார்த்து, வாசல் முற்றத்துக்கு வந்தார்.

"நீங்க ஏன் போறீங்க? உள்ள வரட்டும் அவன்" என்றாள் மொரோன்கே.

"அவன்னு சொல்லாத. வெளிய ஆளுங்க இருக்காங்க."

கார்க் கதவு திறந்தது. பெங்கா இறங்கினான். அத்தானைப் பார்த்தான். அடுத்து நடந்ததை அந்தத் தெரு ரொம்ப நாள் பேசும்.

அக்காளின் கணவர் முன்னால் நம் பிள்ளைகள் எப்படிக் கும்பிட வேண்டுமோ அப்படி, பெங்கா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மார்பு மண்ணில் பட, தொப்பி உருண்டோட, கஞ்சி போட்ட சீருடையோடு. அதே நொடியில் ஃபடேயியின் வலது கை தொப்பி விளிம்புக்குப் போய்விட்டது. படைத்தலைவருக்கு அடித்த சல்யூட். அதை வாங்கிக்கொள்ள எதிரே படைத்தலைவர் இல்லை, தரையில் கிடந்தார். பின்னால் நின்றவன் பெங்காவின் உதவி அதிகாரி, மீசை இன்னும் சரியாக வராத ஒரு ஃப்ளைட் லெஃப்டினன்ட். சல்யூட் நேரே அவனிடம் போய்ச் சேர்ந்தது. அவன் வெலவெலத்துப்போய்த் திருப்பி அடித்தான்.

"எழுந்திருடா. சட்டையெல்லாம் மண்ணு" என்றார் ஃபடேயி, கையை இறக்காமல்.

"நீங்க கையை இறக்குங்க அத்தான். அப்புறம் எழுந்திரிக்கிறேன்."

"நீ எழுந்து வாங்கிக்கிட்டாத்தான் நான் இறக்க முடியும். விதி."

"அத்தான் சல்யூட் அடிக்க நான் எழுந்து நிக்கிறதா? செத்தாலும் மாட்டேன்."

"இது உத்தரவு."

"இனிமே நான்தான் அத்தான் உத்தரவு போடணும்" என்றான் தரையிலிருந்து. சொன்ன பிறகு அவனுக்கே அது எப்படிக் கேட்டது என்று புரிந்தது. முகத்தை மண்ணிலேயே வைத்துக்கொண்டான்.

ஒருவர் நின்றபடி, ஒருவர் கிடந்தபடி, இருவரும் அசையவில்லை. துப்பாக்கிக்காரர்கள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் மரத்தைப் பார்த்தார்கள். ஒகோரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மொரோன்கே படியிறங்கி வந்தாள். கணவரின் மணிக்கட்டைப் பிடித்து, ஜன்னல் கதவைச் சாத்துகிற மாதிரி, கீழே இறக்கினாள். தம்பியின் காதைப் பிடித்துத் தூக்கினாள்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க. ஜனங்க பாக்குறாங்க."

*

உள்ளறையில் பெங்கா கட்டிலின் நுனியில் உட்கார்ந்தான். சட்டையில் மண் அப்படியே இருந்தது.

"நான் கேக்கலக்கா. அம்மா மேல சத்தியம்."

"உனக்கு அம்மா முகமே தெரியாது" என்றாள் மொரோன்கே.

"உன் மேல சத்தியம், அப்ப. காலைல கூப்பிட்டாங்க. அத்தானுக்கு ஆகுது, என்னையும் கூட நிக்கச் சொல்றாங்கன்னு நெனச்சுத்தான் போனேன். நல்ல ஷூவைக்கூடப் போடல."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே மாமா" என்றாள் சிமி.

"சொன்னேன்."

"சொன்னீங்களா?"

பெங்கா தன் ஷூவைப் பார்த்தான். "சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள கை குலுக்கிட்டாங்க."

அவன் சட்டைப்பையிலிருந்து சிறிய நீலப் பெட்டி ஒன்றை எடுத்து அக்காவின் மடியில் வைத்தான். உள்ளே தோளில் மாட்டும் பட்டை ஒரு ஜோடி, புத்தம் புதிது. தடித்த பட்டைக்கு மேலே இரண்டு மெல்லிய கோடுகள்.

"நாளைக்கு விழா. ஒரு பக்கம் ஜனாதிபதி போடுவார். இன்னொரு பக்கம் வீட்டுக்காரி போடணும். ரெமி இல்ல." அவன் மனைவி ரெமி போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். "எனக்கு வேற யாரு இருக்கா? என்னை முதுகுல தூக்கினது நீ. நீதான் வரணும். இப்பவே ஒருதடவை போட்டுப் பழகிக்கோ. வெளிய உதவி அதிகாரி நிக்கிறான், போறப்ப அவன்கிட்டக் கொடுத்துடு. இந்த ஜோடிதான் இருக்கு."

மொரோன்கே பெட்டியைத் தொடவில்லை. ஒரு கோடு அவளுக்கு வேண்டியிருந்தது. வந்திருக்கிறது. தோள்தான் வேறு.

"நான் வரமாட்டேன், பெங்கா."

"அக்கா…"

"இந்த மனுஷன் முன்னாடி நான் எப்படிடா…"

"போ" என்றார் ஃபடேயி கதவருகிலிருந்து. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "நீ போகலேன்னா நான் தடுத்தேன்னு சொல்வாங்க. பொறாமையில பெண்டாட்டியக் கட்டி வச்சுட்டான்னு சொல்வாங்க. முப்பத்து நாலு வருஷத்துக்கு அப்புறம் எனக்குக் கெடைக்கப்போற பேர் அதுவா இருக்க வேண்டாம்."

பெங்கா அவரைப் பார்க்காமல் வெளியே போனான். கூடத்தில் ஆரவாரம் கேட்டது. பாஸ்டர் இமோ கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

*

மொரோன்கேயின் கைப்பேசி அடித்தது. எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் பின்கட்டுக்குப் போனாள்.

"மகளே, சந்தோஷமா?" பாபா ஷோடிப்போவின் குரல், வயிறு நிறையச் சாப்பிட்ட குரல்.

"பாபா…"

"ஒஷினோவோவோட மக வந்து மண்டிபோட்டுக் கேட்டு நான் செய்யாம இருப்பேனா? உங்கப்பன் மண்ணுக்குள்ள சிரிச்சுட்டிருப்பான்."

அவள் துணி உலர்த்தும் கொடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேட்டது பாபா, நான் வந்து சொன்னது…"

"தெரியும்மா. நம்ம வீட்டு ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னே. பேரைக்கூட எடுக்கல. அதுதான் வளர்ப்பு. பேரைச் சொல்லி, பதவியச் சொல்லி, கடைல சாமான் கேக்கற மாதிரி கேக்கறவங்கள நான் வாசலோட அனுப்பிடுவேன்."

மொரோன்கே எப்படிப் பெயரைச் சொல்வாள்? நம் பெண்கள் கட்டியவன் பெயரை வாயால் எடுப்பதில்லை. பெரியவர் முன்னால் எடுப்பது அவனையும் குறைக்கும், அவளையும் குறைக்கும். சிமிப்பா என்பாள், வீட்டு ஆள் என்பாள். அதைக் காதில் வாங்கியவர் யார்? அவள் தகப்பனின் தோழர்; அவள் யாரைக் கட்டினாள் என்று அறியாதவர். தோழன் மகள் தன் பிறந்த வீட்டுக்காக வந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? அந்த நேரத்தில் அவளுக்கே அது புரிந்தது. அதனால் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"அங்க ஒருத்தன் குறுக்க விழுந்தான்" என்று கிழவர் உற்சாகமாகச் சொன்னார். "மூத்தவன் ஃபடேயின்னு ஒருத்தன் இருக்கான், முறைப்படி அவனுக்குத்தானேன்னான். யாரப்பா அவன்னு கேட்டேன். ஒஷினோவோ மகன்தான் வேணும்னு ஒரே பிடி பிடிச்சேன். முடிஞ்சுது."

"பாபா" என்றாள். "அவர்தான் எங்க வீட்டுக்காரர்."

மறுமுனையில் கிழவர் இருமினார்.

"லைன் சரியா இல்ல மகளே. அப்புறம் பேசுறேன்."

வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

*

அவள் திரும்பி வந்தபோது ஃபடேயி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நீலப் பெட்டி அவர் மடியில் திறந்திருந்தது.

"வா. இது கொஞ்சம் கஷ்டம். நீ நெனைக்கிற மாதிரி இல்ல" என்றார், பயிற்சிப் பள்ளிக் குரலில். "கோடு வெளிப்பக்கம் பாக்கணும். கேமரா கிட்ட வரும். தடவிக்கிட்டு நிக்கக் கூடாது. மொதல்ல பித்தானை அவிழ்க்கணும், உள்ள நுழைக்கணும், இழுத்து விடணும், மூடணும்."

"எனக்கு இப்ப வேணாம்."

"பழகணும், மொரோன்கே. நாளைக்கு அவன் ஒரு பக்கம் சரிஞ்சுபோய் நிக்கக் கூடாது."

"எதுல பழகறது?"

அவர் தன் இடது தோளின் பித்தானை அவிழ்த்தார். அங்கிருந்த பழைய பட்டையை உருவி எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். வெறும் தோளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

முதல் தடவை தலைகீழாக நுழைந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். இரண்டாம் தடவை சரியாக வந்தது. புதுப்பட்டை இறுக்கமாக இருந்தது. அழுத்தி இழுத்து விட்டு, பித்தானை மூடினாள்.

"பரவால்ல. நல்லா வருது உனக்கு" என்றார்.

எழுந்து அலமாரிக் கண்ணாடி முன் போய் நின்றார். ஒரு தோளில் ஏர் வைஸ் மார்ஷல், ஒரு தோளில் ஏர் மார்ஷல். நிமிர்ந்தார். பக்கவாட்டில் திரும்பி, உயர்ந்த தோளை மட்டும் கண்ணாடிக்குக் காட்டினார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"எடையே இல்ல" என்றார். "ரொம்ப கனமா இருக்கும்னு நெனச்சிருந்தேன்."

"சிமிப்பா…"

"எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. பெங்கா மேலயும் இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் தோணிட்டே இருக்கு. அவ்வளவு பேர் உக்காந்து பேசியிருப்பாங்கல்ல, அங்க எனக்கு வேண்டியவங்க யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், என் பேரைச் சொல்லியிருந்தாப் போதும். யாரும் சொல்லலபோல. இத்தனை வருஷம் இருந்து, எனக்காக ஒரு வாய்ல என் பேர் வரல."

பாபாவிடம் போய்வந்ததைச் சொல்லிவிட வேண்டும். இப்போது சொல்லாவிட்டால் என்றைக்கும் முடியாது. அவள் அவருக்குப் பின்னால் போய் நின்றாள். கண்ணாடியில் இருவர் முகமும் தெரிந்தது.

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

கதவு தட்டப்பட்டது.

"மன்னிக்கணும் மேடம்." உதவி அதிகாரியின் குரல். "சீஃப் கெளம்பிட்டாரு. அந்தப் பெட்டி வேணும்."

"இதோ, இருப்பா" என்றாள்.

ஃபடேயி அவசரமாகத் தோளைக் கொடுத்தார். தனக்கு உரிமையில்லாத பட்டையோடு ஒருவன் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்ற பதற்றம் அவர் கழுத்தில் தெரிந்தது. அவள் பித்தானைப் பிடித்தாள். அது பாதி வந்து, நூல் சுற்றிக்கொண்டு நின்றது. அவர் பட்டையைப் பிடித்து இழுத்தார். அவள் நகத்தால் நெம்பினாள். குனிந்து பல்லால் கடித்துப் பார்த்தாள்.

"மேடம்" என்றது குரல் மறுபடியும். கைப்பிடி திரும்பியது.

பட்டை கழலவில்லை.